பள்ளி லேப், வீட்டு வைஃபை, கையில் இருக்கும் போன்: நெட்வொர்க் வழியாக வரும் ஆபத்துகளைத் தடுப்பது எப்படி

வைரஸ், வோர்ம், ட்ரோஜன், ரான்சம்வேர் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி விளக்கம் எழுதினால் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்த விளக்கத்தை மனப்பாடம் செய்த மாணவரின் பென்டிரைவிலேயே வைரஸ் இருக்கும், வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அப்பாவின் போன் நம்பராக இருக்கும். அதனால் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: இது எந்த வழியாக உள்ளே வருகிறது? அப்படிக் கேட்டால் வழிகள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. அப்டேட் செய்யாமல் விட்ட மென்பொருள், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு, நாமே திறக்கிற கோப்பு, நாமே சொல்லிவிடுகிற ஓடிபி. பள்ளி மாணவர்கள் சந்திக்கிற பெரும்பாலான பிரச்சினைகள் இந்த நான்கில் அடங்கிவிடும், நான்கையுமே ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் பெருமளவு அடைத்துவிடலாம்.

முதலில் அப்டேட்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவ ஆரம்பித்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. சில நாட்களில் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஆம்புலன்ஸ்களை வேறு இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, இங்கே ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் சிக்கின. இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம், யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்துகிற விண்டோஸ் வசதியில் ஒரு ஓட்டை இருந்தது, அந்த வழியாக ஒரு கணினியிலிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. லேபில் 20 கணினி ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கிற பெட்டி) இணைந்திருந்தால் ஒன்றுக்கு வந்தது இருபதுக்கும் வரும்.

இதில் மனதை உறுத்துகிற விஷயம், அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

அதனால் விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்து அப்டேட் பகுதிக்குப் போய், காத்திருப்பதை எல்லாம் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாத வரைக்கும் பல அப்டேட்டுகள் பாதி வேலையோடு நிற்கும், "அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் இங்கே உண்மையான ஆபத்து. போனிலும் அப்படியே, பிரவுசரையும் மறக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினி இருந்தால், புது விண்டோஸ் அதில் ஓடாது என்று தூக்கிப்போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மிண்ட், அல்லது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போடலாம். பைத்தான் கற்கவும் ரெக்கார்டு தயாரிக்கவும் அது தாராளமாகப் போதும், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். கிராக் செய்த விண்டோஸை மட்டும் போடாதீர்கள். கிராக் மென்பொருள் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை அணைத்து வைக்கச் சொல்லித்தான், அதன் பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டு ரூட்டர்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி, "வைஃபை பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?" என்று கேட்பார். அப்பா தன் மொபைல் நம்பரைச் சொல்வார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. அதில் என்ன தவறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய மொபைல் எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் வைஃபையில் ஒரு போன் ரூட்டரோடு இணைகிற அந்தக் கணத்துத் தகவலை வெளியே நின்று ஒருவர் பிடித்துக்கொண்டு போய்விட்டால், அதன் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் தன் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிக்கு 400 கோடி என்பது சில மணி நேர வேலை. உங்கள் நம்பர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவும் தேவையில்லை.

மாற்றுவதற்கு, வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். வரவில்லை என்றால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான முகவரி இருக்கும். அங்கே இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு, பலர் குழப்பிக்கொள்வது இதில்தான். ஒன்று வைஃபையில் இணைவதற்கு, இன்னொன்று ரூட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை "அட்மின்" என்றே விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது, ஏனென்றால் உள்ளே வந்த யாரும் அமைப்பையே மாற்றி உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட முடியும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கட்டும், டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது உடைக்கப்பட்டு 20 வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கிற டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்வதற்கு முன் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அம்மா தொடர் பார்க்கிற நேரத்தில் இணைப்பு போய்விட்டது என்று திட்டு விழும்.

பாஸ்வேர்டு மாற்றாத பெட்டி ஒன்று என்ன செய்யும் என்பதற்கு 2016-இல் நடந்தது போதும். மிராய் என்ற நிரல், இணையத்தில் இருந்த சிசிடிவி கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் போய், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் 60-சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான், வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை. லட்சக்கணக்கான கருவிகள் மாட்டின. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருகிற சேவை) நிறுவனத்தின் மீது கோரிக்கைகளைக் குவித்தார்கள், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. டிடிஓஎஸ் தாக்குதல் என்று பாடத்தில் வருவது இதுதான். மிராயை எழுதிய மூன்று இளைஞர்களில் ஒருவர் கல்லூரி மாணவர், மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்கு சர்வர் நடத்துபவர்களுக்கு இடையே இருந்த போட்டியில்தான் இந்த வேலை தொடங்கியது. 2017 டிசம்பரில் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது.

ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். விருந்தினர் போன், ஸ்மார்ட் டிவி, கேமரா எல்லாம் அதில் இருக்கட்டும், அப்பா வங்கி வேலை பார்க்கிற கணினி மட்டும் முக்கிய நெட்வொர்க்கில் இருக்கட்டும். நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டே இருக்கிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டதை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. அந்தக் கணினி இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பக்கத்தில் இருந்தது, உலையை இயக்குகிற அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது, அதனால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது. பள்ளியிலும் அலுவலகக் கணினிகளும் மாணவர் லேபும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

நாமே திறக்கிற கோப்புகள்

இதில்தான் மாணவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ப்ராஜெக்டைப் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறீர்கள். அந்தக் கடைக் கணினியில் ஒரு நாளில் எத்தனை பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது என்று யோசியுங்கள். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பதறிப்போய் அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் அப்போதுதான் உங்கள் கணினிக்குள் இறங்குகிறது. உண்மையான கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். எதையும் கிளிக் செய்யாமல் முதலில் விண்டோஸ் டிஃபெண்டரால் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்தால் கோப்புகள் தெரியும், தேவையானதை மட்டும் நகலெடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கிற பென்டிரைவைக் கொண்டுபோங்கள், அல்லது கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் வெப்பைத் திறப்பது இதைவிட மோசம். வெளியேற மறந்தால் உங்கள் உரையாடல் முழுக்க அங்கேயே திறந்து கிடக்கும். இப்போதே வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்து பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

அதே வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இன்னொன்று இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்து வைக்கிறது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகம் முழுவதும் பரவிய ஐ லவ் யூ வோர்ம் (தன்னைத் தானே நகலெடுத்துப் பரவுகிற நிரல்) இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மின்னஞ்சலோடு வந்த காதல் கடிதம், பார்ப்பதற்கு டாட் டிஎக்ஸ்டி என்று முடிகிற சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது, அதற்குப் பின்னால் மறைந்திருந்த டாட் விபிஎஸ் என்ற பகுதிதான் அது ஓடுகிற நிரல் என்பதைக் காட்டியிருக்கும். இன்றைக்கும் "வினாத்தாள் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ" என்று வருவது அதே பழைய தந்திரம்.

போனில் இதற்கு இணையானது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவுகிற கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும், போக்குவரத்து அபராதச் சலான் என்று வரும், விவசாயிகளுக்கான அரசு உதவித் தொகை என்று வரும். தெரிந்த உறவினர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரவேண்டும், அதை நிறுவச் சொல்லிக் கேட்டாலே அது பத்திரிகை இல்லை. நிறுவிவிட்டால் அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கி ஓடிபி எல்லாம் அங்கே போகும். விளையாட்டை யாரோ மாற்றி எழுதித் தருகிற மோட் ஏபிகே, இலவச டைமண்ட் தருகிற தளம் இவையும் இதே ரகம். இந்த விஷயத்தில் வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா போன்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறியாத மூலங்களிலிருந்து ஆப் நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கோ பிரவுசருக்கோ கொடுக்கப்பட்டிருந்தால் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்கள்.

லிங்க்கைப் படிப்பது

பிளஸ் டூ ரிசல்ட் நாளில் பத்து விதமான லிங்க் சுற்றும். பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். எச்டிடிபிஎஸ் என்பதையும் அதை அடுத்து வரும் இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்கோடு வரைக்கும் உள்ளதை எடுத்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். அரசுத் தளம் என்றால் அங்கே டாட் என்ஐசி டாட் இன் அல்லது டாட் ஜிஓவி டாட் இன் இருக்கும், இந்த இரண்டையும் தனியார் யாரும் வாங்க முடியாது. இடப்பக்கம் ஆரம்பத்தில் "டிஎன்ரிசல்ட்ஸ்" என்று என்ன எழுதியிருந்தாலும் பொருட்டில்லை, அதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். போகிற வழியில் தகவலை யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான் பூட்டு சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் நல்லவரா திருடரா என்று அதற்குத் தெரியாது.

போனில் பேசி ஏமாற்றுபவர்களுக்கு லிங்க்கே தேவையில்லை. "உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று பெற்றோரை அழைப்பார்கள், உங்கள் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். யுபிஐ பின் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான், பணம் வருவதற்கு எதையும் போட வேண்டியதில்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், பாட்டிக்குக்கூட.

பாஸ்வேர்டு

2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியாயின. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியலை இன்றும் பாஸ்வேர்டு உடைப்பவர்கள் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு விளையாட்டுத் தளத்தில் கசிந்த உங்கள் பாஸ்வேர்டை ஜிமெயிலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுப் பார்ப்பதும் தானியங்கி வேலைதான், எனவே ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைக்காதீர்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியமான விதி. உங்கள் மின்னஞ்சல் எங்காவது கசிந்திருக்கிறதா என்று ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற இலவசத் தளத்தில் பார்க்கலாம், டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கியது.

நீளம்தான் பலம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 8-ஐ எப்படியோ கலந்து வைத்தால் சுமார் 20,800 கோடி வாய்ப்புகள். இன்னும் 4 எழுத்து சேர்த்து 12 ஆக்கினால் அது 4.5 லட்சம் மடங்கு பெருகும். அதற்கு எளிய வழி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுத்து ஆங்கில எழுத்தில் அடிப்பது: முறம், ஒட்டகம், சலூன், பனிக்கட்டி என்பது போல. இதையே எடுத்து வைத்துவிடாதீர்கள், நீங்களாக எடுங்கள். திருக்குறள் வரியோ பாட்டின் பல்லவியோ வேண்டாம், தெரிந்த வரிகளின் பட்டியலும் அவர்களிடம் உண்டு. அப்புறம் ஜிமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அக்கவுன்ட் பகுதியில் 6 இலக்க பின் வைத்துவிட்டால், எஸ்எம்எஸ்ஸில் வருகிற சரிபார்ப்பு எண்ணை யாராவது உங்களிடமிருந்து வாங்கிவிட்டால்கூட கணக்கைத் தூக்க முடியாது.

பள்ளி லேபில் பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எழுந்திருக்கும் முன் லாக் அவுட் செய்யுங்கள். பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ இலவச வைஃபையில் பாட்டுக் கேட்கலாம், பணம் சம்பந்தப்பட்டதை மட்டும் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். அதே பெயரில் போலி வைஃபை வைப்பது மிக எளிது, வைஃபையின் பெயரைப் பார்த்து உங்கள் போன் தானாகவே இணைந்துவிடும். புது நெட்வொர்க்கில் இணையும்போது அது பப்ளிக்கா பிரைவேட்டா என்று விண்டோஸ் கேட்டால் வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் பப்ளிக் என்று கொடுங்கள், அப்போதுதான் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கிற ஃபயர்வால் கடுமையாக இருக்கும்.

மாட்டிவிட்டால்

கணினியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்த உடனே வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். லேபில் என்றால் ஆசிரியரிடம் அப்போதே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அரை மணி நேரம் மறைப்பதில்தான் மற்ற கணினிகளுக்குப் போகிறது. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: சொல்ல வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள், அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள்.

பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். மெசேஜ், நம்பர், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கு பறிபோயிருந்தால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதே கணினியில் மாற்றினால் புதியதும் அவர்களுக்குத் தெரிந்துவிடலாம்.

படத்தை மார்ஃப் செய்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அன்றைக்கே வீட்டிலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள், யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குற்றம் செய்தது மிரட்டுகிறவர், நீங்கள் இல்லை. இதைத் தனியாகச் சுமக்கத் தேவையே இல்லை.

ஹேக்கிங் கற்றுக்கொள்ள ஆசையா

ஆசைப்படுங்கள், நல்ல ஆசைதான். ஆனால் பள்ளி நெட்வொர்க்கிலோ நண்பன் வீட்டு வைஃபையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். 1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட வோர்ம், நாசம் செய்வதற்காக எழுதப்பட்டது அல்ல. அது தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்ட வேகம் கையை மீறிப்போய், அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் ஸ்தம்பித்தன. அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் கிடைத்தது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள்படி அனுமதியில்லாமல் மற்றவர் கணினிக்குள் கெட்ட நோக்கத்தோடு நுழைவதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம், நண்பனின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதற்கு 66சி பிரிவு தனியாக இருக்கிறது.

கற்க அனுமதியோடு கூடிய இடங்கள் நிறைய உண்டு. நெட்வொர்க்கில் ஓடுகிற தகவலைக் காட்டுகிற வயர்ஷார்க் என்ற மென்பொருளை இறக்கி உங்கள் சொந்தக் கணினியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பாருங்கள், பாடத்தில் படித்த டிஎன்எஸ், டிசிபி எல்லாம் கண்முன் ஓடும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்துகிற பிகோசிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டி பள்ளி மாணவர்களை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது, இலவசம். பழைய போட்டிக் கேள்விகள் பலவும் பயிற்சிப் பகுதியில் இருக்கின்றன, எளிதிலிருந்து கடினம் வரை. முதலில் ஜெனரல் ஸ்கில்ஸ் பகுதியில் ஆரம்பியுங்கள், லினக்ஸ் கட்டளைகள் கைக்கு வந்த பிறகு கிரிப்டோகிராஃபிக்கு (தகவலைச் சங்கேதமாக்கும் கலை) போனால் சிரமம் இருக்காது.